டிவோஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் "தேவ" தானா?

இளவேனில் கேட்டது:

வணக்கம். டிவோஷன் என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி மூன்று சந்தேகங்கள். தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவி.

ஒன்று, "தேவ" என்ற வடசொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் டிவோஷன் ஆனது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஓசையும் ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது. உண்மையா?

இரண்டு, 18ஆம் நூற்றாண்டு ஆங்கில வரலாற்று நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். முற்றுகையில் சிக்கிய ஊர் ஒன்றை ஆசிரியர் "டிவோட்டட் சிட்டி" என்கிறார். "பக்தி மிகுந்த நகரம்" என்று போட்டுப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. அடுத்த பத்தியிலேயே ஊர் எரிகிறது. பக்திக்கும் அழிவுக்கும் என்ன சம்பந்தம்?

மூன்று, டிவவுட், டிவோட்டட், டிவோட்டீ, டிவோஷனல் என்று இத்தனை வடிவங்கள் இருக்கின்றனவே, எதை எங்கே பயன்படுத்துவது? தமிழில் எல்லாவற்றுக்கும் பக்தி என்றே எழுதலாமா?

---

வேர்காண் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். "தேவ" அல்ல. ஏன் அல்ல என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

சொல்லை முதலில் சரியான இடத்தில் பிரிக்க வேண்டும். இலத்தீனில் இதன் வடிவம் தேவோத்தியோ. தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் பார்த்தால் முன்னால் "தேவ" நிற்பதுபோல்தான் தெரியும். ஆனால் பிரிப்பு தேவ் + ஓத்தியோ அல்ல, தே + வோத்தியோ. தே என்பது முன்னொட்டு. "விட்டு", "கீழே", "முழுக்க" என்ற பொருள்களில் வரும். டிசெண்ட், டிபெண்ட், டிபோர்ட் முதலிய ஆங்கிலச் சொற்களில் முன்னால் நிற்பதும் இதே முன்னொட்டுதான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வோத்-. இதன் வினை வொவேரெ, அதாவது "நேர்ந்துகொள்", "வாக்குக் கொடு". இதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் வோத்தும், நேர்த்தி என்று பொருள். ஆங்கிலத்தின் வவ், வோட், வோட்டிவ் மூன்றும் இந்த வோத்துமின் வாரிசுகள். தேர்தலில் போடும் ஓட்டுக்கும் இதே வேர்தான். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் அதற்கு நேர்த்தி, விருப்பம் என்ற பொருள்கள் இருந்தன. இன்று நிலைத்திருப்பது வாக்களிப்பு என்ற பொருள்.

ஆக, தே + வொவேரெ என்றால் நேர்ந்து கையைவிட்டுக் கொடுத்துவிடுவது. இனி அது என்னுடையது அல்ல என்று தெய்வத்தின் பெயரில் எழுதிவைப்பது.

"தேவ" என்ற சொல்லுக்கும் இலத்தீனில் உறவு உண்டு, ஆனால் அது வேறு குடும்பம். தேயுஸ் என்ற இலத்தீன் சொல்லின் பழைய வடிவம் தெய்வோஸ். அது "தேவ" என்பதன் நேர் உடன்பிறப்பு. டிவைன் என்ற ஆங்கிலச் சொல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. டியூஸ்டே என்ற கிழமைப் பெயரில் ஒளிந்திருக்கும் டியூ என்ற பழைய ஜெர்மானியத் தெய்வமும் அப்படியே. அந்தச் செய்தியை எழுதியவர் டிவைனைப் பற்றிச் சொல்லியிருந்தால் பாதியாவது சரியாக இருந்திருக்கும்.

வொவேரெ என்பதற்கு வடமொழியில் உறவே இல்லையா என்றால், இருக்கிறது. ரிக்வேதத்தில் வாகத் என்று ஒரு சொல் வரும். நேர்ந்துகொள்பவன், வேள்வி செய்பவன் என்று பொருள். அதில் வரும் ககரம் வர்க்கத்தின் நான்காம் ககரம். அது எப்படி இலத்தீனில் வகரம் ஆகும் என்று கேட்பீர்கள். நமக்கு நன்றாகத் தெரிந்த "லகு" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், அதிலும் அதே நான்காம் ககரம். இலத்தீனில் அதன் உடன்பிறப்பு லெவிஸ், இலேசானது என்று பொருள். லகு : லெவிஸ் என்ற அதே இணை வாகத் : வொவேரெ என்பதிலும் வருகிறது. இவற்றின் பொது மூலமொழியில் உதட்டைக் குவித்துச் சொன்ன ஒரு ககர ஒலி, இரண்டு உயிருக்கு நடுவே வரும்போது இலத்தீனில் வகரமாகவும் வடமொழியில் ககரமாகவும் பிரிந்தது. கிரேக்கத்தில் எவ்கொமாய் என்றால் வேண்டுதல் செய்கிறேன் என்று பொருள், அதுவும் இவர்களின் உறவு.

ஓசை ஒற்றுமையை வைத்து வேர் தேடும்போது தவறு நேர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இன்றைய வடிவங்கள் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியவை மிகப் பழைய வடிவங்கள். முன்னொட்டு, பின்னொட்டைக் கழித்துவிட்டு எஞ்சும் வேரை ஒப்பிட வேண்டும். அதே ஒலிமாற்றம் இன்னும் ஓரிரு சொற்களிலாவது ஒழுங்காக வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த உறவை நம்பக் கூடாது.

---

ரோமச்சுவடி எழுதியது:

இரண்டாவது கேள்விதான் இந்தச் சொல்லின் உயிர்நாடி. இளவேனில், உங்கள் ஆசிரியர் பழைய பொருளில், மிகச் சரியாகவே எழுதியிருக்கிறார்.

ரோமில் தேவோத்தியோ என்பது மன உணர்வின் பெயர் அல்ல, ஒரு சடங்கின் பெயர். போரில் தோல்வி கண்ணுக்குத் தெரிகிறபோது படைத்தலைவன் தன்னையும் எதிரிப் படையையும் சேர்த்துப் பாதாளத் தெய்வங்களுக்கு நேர்ந்துவிடுவான். பிறகு தன்னந்தனியாக எதிரிக்குள் பாய்ந்து சாவான். அவன் உயிர் போனால் நேர்த்தியின் மறுபாதியான எதிரிப் படையையும் தெய்வங்கள் எடுத்துக்கொண்டாக வேண்டும். இதுதான் கணக்கு.

இதை விரிவாக எழுதிவைத்தவர் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி, தம் வரலாற்றின் 8ஆம் புத்தகத்தில். கி.மு. 340, வெசுவியஸ் மலைக்குப் பக்கத்தில் இலத்தீன் இனத்தாரோடு போர். ரோமின் உயர் தலைவர்களான இரண்டு கான்சல்கள், புப்ளியுஸ் தெக்கியுஸ் மூஸும் தீத்துஸ் மான்லியுஸும். ஒரு பக்கத்துப் படையும் மறுபக்கத்துத் தலைவனும் பாதாளத்துக்கும் பூமித்தாய்க்கும் உரியவர்கள் என்று இருவருக்கும் ஒரே கனவு வருகிறது. யாருடைய அணி பின்வாங்குகிறதோ அவர் தம்மை நேர்ந்துகொள்வது என்று இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்கிறார்கள். தெக்கியுஸ் நின்ற இடது அணி பின்வாங்கியது.

அப்போது அவர் குருவான மார்க்குஸ் வலேரியுஸைக் கூப்பிட்டு, சொல்ல வேண்டிய வாசகத்தைச் சொல்லித்தரக் கேட்கிறார். செய்முறை இது. ஊதாக் கரை போட்ட தோகா என்னும் ரோமானிய மேலாடையை உடுத்த வேண்டும். தலையை மூடிக்கொள்ள வேண்டும். ஒரு கையைத் துணிக்குள்ளிருந்து நீட்டி முகவாயைத் தொட வேண்டும். காலடியில் ஓர் ஈட்டியைக் கிடத்தி அதன் மேல் நிற்க வேண்டும். பிறகு யானுஸ், யூப்பிட்டர், மார்ஸ், குயிரினுஸ், பெல்லோனா, லாரெஸ் என்று வரிசையாகத் தெய்வங்களை அழைக்க வேண்டும். ரோமுக்கு வெற்றியும் எதிரிக்கு அச்சமும் சாவும் வேண்டிக்கொண்டு, எதிரியின் படைகளையும் துணைப்படைகளையும் என்னோடு சேர்த்துப் பாதாளத் தெய்வங்களுக்கும் பூமிக்கும் நேர்கிறேன் என்று முடிக்க வேண்டும். முடித்ததும் தோகாவை கபி ஊர் வழக்கப்படி இடுப்பில் இறுக்கிக் கட்டி, ஆயுதத்தோடு குதிரையில் ஏறி எதிரிக்கு நடுவே பாய்ந்தார். இரவாகிவிட்டதால் அன்று உடல் கிடைக்கவில்லை. மறுநாள்தான் எதிரிகளின் பிணக்குவியலுக்கு அடியில் கண்டெடுத்தார்கள். இவருடைய மகன், அதே பெயர்க்காரர், கி.மு. 295இல் சென்டினும் போரில் இதையே செய்தார்.

சடங்கில் பிசகு நேர்ந்தால் என்ன என்பதற்கும் லிவி விதி சொல்கிறார். தலைவன் நின்ற அந்த ஈட்டி எதிரி கையில் சிக்கக் கூடாது. சிக்கிவிட்டால் மார்ஸுக்குப் பன்றி, ஆடு, காளை மூன்றையும் பலியிட்டுப் பரிகாரம் செய்ய வேண்டும். தலைவன் தனக்குப் பதிலாகப் படையில் பெயர் பதிந்த ஒரு குடிமகனை நேர்ந்துவிடலாம். அவன் செத்தால் நல்லது. சாகாவிட்டால் ஏழடி அல்லது அதற்கு மேல் உயரமுள்ள உருவம் ஒன்றை மண்ணில் புதைத்துப் பலி கொடுக்க வேண்டும். ரோமானிய அடி நம் அடியைவிடச் சற்றுச் சிறியது, ஏழடி என்றால் 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்த உருவம் புதைந்த இடத்தில் ரோமானிய அதிகாரி கால் வைக்கக் கூடாது. தன்னையே நேர்ந்துகொண்ட தலைவன் உயிரோடு திரும்பிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அதற்குப் பின் அவன் செய்யும் எந்தப் பூசையும், சொந்தப் பூசையோ பொதுப் பூசையோ, தூய்மையாகாது. தெய்வத்துக்குக் கொடுத்தாயிற்று. கொடுத்த பொருள் திரும்பி வந்து நடமாடுகிறது. இந்த உயிர் யாருக்குச் சொந்தம்? விதிகள் முழுவதும் இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான்.

இனி உங்கள் நகரம். மனிதனை மட்டுமல்ல, ஊரையும் இப்படி நேரலாம். 5ஆம் நூற்றாண்டு இலத்தீன் எழுத்தாளரான மக்ரோபியுஸ் தம் சத்துர்னாலியா நூலின் 3ஆம் புத்தகத்தில் அந்த வாசகத்தையே தருகிறார். முதலில் அந்த ஊரின் காவல் தெய்வங்களை வெளியே வரும்படி அழைக்க வேண்டும். உங்களுக்கு ரோமில் கோயிலும் விழாவும் தருகிறோம், இந்த ஊரை விட்டு வாருங்கள் என்று. தெய்வங்கள் நீங்கிய பிறகுதான் ஊரையும் மக்களையும் நேர்ந்துவிட முடியும். பூமி என்று சொல்லும்போது கையால் தரையைத் தொட வேண்டும், யூப்பிட்டர் என்னும்போது கைகளை வானத்துக்கு உயர்த்த வேண்டும், நேர்த்தியை ஏற்கிறேன் என்னும்போது மார்பைத் தொட வேண்டும். மூன்று கறுப்பு ஆடுகளைக் கொடுப்பதாக வாக்கு. இப்படி நேரப்பட்ட ஊர்களாக அவர் குறிப்பிடுபவற்றில் கார்த்தேஜும் கொரிந்தும் இருக்கின்றன. இரண்டும் கி.மு. 146இல் தரைமட்டமாயின.

எனவே டிவோட்டட் சிட்டி என்றால் அழிவுக்கென நேர்ந்துவிடப்பட்ட நகரம். இலத்தீனைக் கரைத்துக் குடித்த 18ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்களுக்கு இந்தப் பொருள் இயல்பாகவே வரும்.

அதே சொல்லுக்குச் செய்வினை என்றும் பொருள் உண்டு. கி.பி. 19இல் ரோமானியத் தளபதி ஜெர்மானிக்குஸ் நோயுற்றுக் கிடந்தபோது, அவர் இருந்த வீட்டின் தரையிலும் சுவரிலும் மனித எச்சங்களோடு மந்திரங்களும் "தேவோத்தியோ"க்களும் அவர் பெயர் பொறித்த ஈயத் தகடுகளும் கிடைத்தன என்று வரலாற்றாசிரியர் தாக்கித்துஸ் எழுதுகிறார். அங்கே பக்தி என்று மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

---

இளவேனில்:

மிக்க நன்றி ஐயா. ஒரு துணைக் கேள்வி. இது நம்முடைய நவகண்டம்தானே? அரசன் வெல்ல வேண்டும் என்று வீரன் கொற்றவைக்குத் தலையை அரிந்து கொடுப்பது?

---

மாமல்லை வாசி எழுதியது:

பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்றேதான் என்று சொல்ல முடியாது.

நம் பக்கத்துச் சான்றுகள் பழமையானவை. தொல்காப்பியப் புறத்திணையியலில் வாகைத்திணையின் துறைகளில் ஒன்று அவிப்பலி. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு வீரன் உயிரைக் கொடுப்பது அது. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழா நடக்கும்போது மறவர்கள் மன்னனின் வெற்றிக்காகத் தலையைப் பலிபீடத்தில் வைக்கிறார்கள். மாமல்லபுரத்தில் திரௌபதி ரதத்தின் உள்ளே பின்சுவரில் கொற்றவையின் காலடியில் மண்டியிட்டு, ஒரு கையால் தன் முடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாளை எடுத்திருப்பவனைப் பார்க்கலாம். 7ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு. கலிங்கத்துப்பரணியின் காளி கோயில் பகுதியிலும் இது வருகிறது. தலையை மட்டும் அரிவது அரிகண்டம், உடலை ஒன்பது கூறாக்குவது நவகண்டம்.

வேறுபாடு மூன்று இடங்களில். முதலாவது, இங்கே வீரன் தன் கையாலேயே சாகிறான். ரோமில் எதிரியின் ஆயுதத்தால் சாக வேண்டும், அதற்காகவே கூட்டத்துக்குள் பாய்கிறான். இரண்டாவது, இங்கே உயிர் கொடுப்பவன் அரசனுக்குக் கீழ்ப்பட்ட வீரன், அங்கே தலைவனே கொடுக்கிறான். மூன்றாவதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். நவகண்டத்தில் வீரன் தன்னை மட்டும் கொடுக்கிறான். தேவோத்தியோவில் தன்னையும் எதிரியையும் ஒரே வாசகத்தில் பிணைத்துக் கொடுக்கிறான். ரோமச்சுவடி சொன்ன அந்தக் கணக்கு, இதை வாங்கினால் அதையும் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம், நவகண்டத்தில் இல்லை.

உண்மையில் நம் ஊருக்கு மிக நெருங்கி வருவது வோத்தும் என்ற சாதாரண நேர்த்திதான். ரோமர்கள் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டால் கல்லில் ஒரு சிறு பலிபீடம் வெட்டிவைத்து, அதில் நான்கே எழுத்துகளைப் பொறிப்பார்கள். "நேர்த்தியை மனமுவந்து, தகுதியறிந்து செலுத்தினான்" என்பதன் சுருக்கம் அது. பிரிட்டனில் ரோமர் கட்டிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் மதில் வரையிலும் இப்படிப்பட்ட கற்கள் கிடைத்திருக்கின்றன. நோய் தீர்ந்தவர்கள் சுட்டமண்ணில் கை, கால், கண் செய்து கோயிலில் வைப்பார்கள். நடு இத்தாலியில் இவை குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. நாம் மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துகிறோம், வேளாங்கண்ணியில் அப்படி வந்த காணிக்கைகளை வைக்கத் தனிக் காட்சிக்கூடமே இருக்கிறது. வோட்டிவ் ஆஃபரிங் என்ற ஆங்கிலத் தொடருக்கு நேர்த்திக்கடன் என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

"நேர்ந்துவிட்ட கிடா" என்கிறோமே, அதில் பழைய டிவோட்டட் அப்படியே இருக்கிறது. அந்தக் கிடாவை யாரும் விற்க மாட்டார்கள், அடிக்க மாட்டார்கள், வயலில் மேய்ந்தாலும் விரட்ட மாட்டார்கள். மரியாதையும் உண்டு, முடிவும் குறித்தாயிற்று.

---

கூடல்நகர் எழுதியது:

இவ்வளவு கொடூரமான சடங்கின் பெயர் எப்படிச் செபத்தின் பெயராக மாறியது என்பதையும் சொல்லிவிடலாம். நடுவில் அந்தக் கண்ணி விடுபட்டு நிற்கிறது.

கிறித்தவ இலத்தீன் சடங்கைக் கழித்துவிட்டு, "தன்னை முழுதாகக் கொடுத்துவிடுதல்" என்ற கருவை மட்டும் வைத்துக்கொண்டது. இது பின்னால் வந்தவர்களின் ஊகம் அல்ல. 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்து இரண்டாம் பகுதியில், 82ஆம் வினாவில் தேவோத்தியோவை வரையறுக்கிறார். கடவுளின் பணிக்குரியவற்றில் தயங்காமல் தன்னை ஒப்படைக்கும் மனத்துணிவு என்பது அவர் வரையறை. சொல்லின் வரலாறாக அங்கேயே லிவியைக் காட்டி, படையின் நலனுக்காகச் சாவை நேர்ந்துகொண்ட தெக்கியுஸ்கள் இருவரையும் குறிப்பிடுகிறார். கவனியுங்கள், அவர் உணர்ச்சி என்று சொல்லவில்லை, மனத்துணிவு என்கிறார். கண்ணீரும் உருக்கமும் அதன் விளைவுகளாக வரலாம், அவையே தேவோத்தியோ ஆகிவிடா.

ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சு வழியாக, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. டிவவுட்டும் ஏறக்குறைய அதே காலத்தில் வந்தது. இரண்டும் சமயச் சொற்களாகவே வந்தன. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் கேர்ட் குரோட்டே தொடங்கிய இயக்கத்துக்கு தேவோத்தியோ மொதெர்னா என்று பெயர், "புதிய பக்தி" எனலாம். ஆடம்பரச் சடங்கைக் குறைத்துத் தனிச்செபம், தியானம், படித்தல் என்று சாதாரண மக்களைப் பழக்கியது. டிவோஷன் என்றதும் தனியாக உட்கார்ந்து செபிப்பது நினைவுக்கு வருவதில் இந்த இயக்கத்துக்குப் பங்கு உண்டு.

டிவோட் என்ற வினை பிந்தி வந்தது, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில். அது பிரெஞ்சு வழியாக வராமல் நேரே இலத்தீனிலிருந்து எடுக்கப்பட்டதால் பழைய "அழிவுக்கு நேர்தல்" என்ற பொருளும் கூடவே வந்துவிட்டது. ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1667இல் வெளியிட்ட பாரடைஸ் லாஸ்ட் காவியத்தின் 3ஆம் காண்டத்தில், பாவம் செய்த மனிதன் அழிவுக்கென "சேக்ரெட்" ஆகவும் "டிவோட்" ஆகவும் நிற்கிறான் என்கிறார். இரண்டு சொல்லும் புனிதமானது, அழிவுக்குரியது என்ற இரட்டைப் பொருளில் வருகின்றன.

விவிலியத்திலும் இதே முடிச்சு உண்டு. எபிரெயத்தில் ஹெரெம் என்பது கடவுளுக்கென முற்றிலும் விலக்கி வைக்கப்பட்டது. அதனாலேயே மனிதர் தொடக் கூடாதது, சில இடங்களில் அழிக்கப்பட வேண்டியது. லேவியராகமம் 27ஆம் அதிகாரத்தில் அது பரிசுத்தமானது என்று வருகிறது. யோசுவா 6ஆம் அதிகாரத்தில் எரிகோ நகரமே ஹெரெம் ஆகிறது. அங்கே தமிழ் வேதாகமம் "சாபத்தீடு" என்ற சொல்லை ஆளுகிறது. இளவேனில், உங்கள் நகரத்துக்கு "சாபத்தீடான நகரம்" என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஆனால் கிறித்தவர் அல்லாத வாசகருக்கு அது உடனே புரியாது.

---

ஆங்கில வாத்தியார் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இதில் நம்மவர்கள் செய்யும் பிழைகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான்.

உச்சரிப்பில் அடிக்கடி தவறுவது டிவோட்டீ. "டிவோட்டி" என்று நடுவில் அழுத்துகிறோம். அழுத்தம் கடைசி அசையில் வர வேண்டும்: டெ-வ-டீ. எம்ப்ளாயீ என்பதைப் போன்ற ஈற்று அது, 17ஆம் நூற்றாண்டின் நடுவில் சேர்ந்தது. டிவவுட் என்பது "அவுட்" என்பதோடு எதுகையாகும், "டிவோட்" போல ஒலிக்காது.

டிவவுட் என்பது சமயப் பற்றைக் குறிக்கும் பெயரடை. டிவவுட் முஸ்லிம், டிவவுட் கிறிஸ்டியன் சரி. "டிவவுட் ஹஸ்பண்ட்" என்றால் சாமி கும்பிடுவதில் தீவிரமான கணவன் என்றுதான் பொருள். மனைவி மேல் உயிராக இருப்பவன் டிவோட்டட் ஹஸ்பண்ட். மனிதர் மீது, வேலை மீது, ஊர் மீது என்றால் டிவோட்டட். விருப்பம், நம்பிக்கை ஆகியவற்றோடு மட்டும் டிவவுட் சமயம் சாராமல் வரும், டிவவுட் ஹோப் என்பதுபோல.

டிவோட்டட் என்பதை அடுத்து வரும் "டு" வினையெச்சக் குறி அல்ல, வேற்றுமை உருபு போன்றது. அதனால் பின்னால் பெயர்ச்சொல் வர வேண்டும், அல்லது இங் ஈற்று வர வேண்டும். "டிவோட்டட் டு டீச்சிங்" சரி, "டிவோட்டட் டு டீச்" தவறு. டிவோட் என்ற வினைக்குச் செயப்படுபொருள் கட்டாயம். நேரத்தை, பணத்தை, தன்னை, ஏதாவது ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். "ஹீ டிவோட்டட் டு மியூசிக்" என்று எழுதினால் எதைக் கொடுத்தான் என்பது விடுபட்டு நிற்கும். "ஹிம்செல்ஃப்" சேர்க்க வேண்டும். வேர்காண் சொன்ன பழைய பொருளை நினைத்துக்கொண்டால் இந்த விதி மறக்காது. நேர்ந்துவிட ஒரு பொருள் வேண்டுமல்லவா!

டிவோட்டீ விஷயத்தில் இந்திய ஆங்கிலம் தனி வழி. கோயிலுக்கு வந்த எல்லாரையும் நம் செய்தித்தாள்கள் டிவோட்டீஸ் என்கின்றன. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அந்தச் சொல் தீவிர ரசிகரையும் குறிக்கும், ஜாஸ் இசையின் டிவோட்டீ என்பார்கள். வெளிநாட்டு வாசகருக்கு எழுதும்போது திருவிழாக் கூட்டத்தைப் பில்கிரிம்ஸ் அல்லது வொர்ஷிப்பர்ஸ் என்பது நல்லது.

பன்மையில் டிவோஷன்ஸ் என்றால் செபங்கள். தமிழ்க் கத்தோலிக்கர் பக்தி முயற்சிகள் என்பார்கள். டிவோஷனல் பெயர்ச்சொல்லாக வந்தால் நாளுக்கொரு பக்கம் என்று படிக்கும் சிறுநூல், சீர்திருத்த சபையார் அனுதின தியானம் என்பது. நம் ஊர் கேசட் கடைகளில் டிவோஷனல் என்றால் பக்திப் பாடல் என்று இருந்தது.

---

வேர்காண் மறுபடியும்:

எல்லாவற்றுக்கும் பக்தி என்று எழுதலாமா என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. என் கருத்து, வேண்டாம்.

பக்தி என்பதன் வேர் "பஜ்". பங்கிடு, பங்குகொள் என்று பொருள். பாகம், பாக்கியம், பகவான் எல்லாம் அதே வேர். இதே குடும்பத்தின் பக்த என்ற வடிவத்துக்குப் பங்கிட்ட உணவு, சோறு என்றும் பொருள் இருந்தது. இந்தியின் பாத், பிஸிபேளாபாத்தில் வரும் பாத், அதன் வழியில் வந்தவையே. ஆக, பக்தியின் அடியில் இருப்பது பங்குகொள்ளுதல். டிவோஷனின் அடியில் இருப்பது கொடுத்துவிட்டு விலகுதல். தேவாரக் காலத்திலேயே பத்தி, பத்தர் என்று தமிழ் வடிவம் எடுத்து ஊறிப்போன சொல் அது. கடவுள் அன்பைப் பேசும் இடத்தில் பக்தி என்பதே சரி, தயங்க வேண்டாம். கடமை, ஆராய்ச்சி, மனைவி மக்கள் என்று வரும்போது பற்று, ஈடுபாடு, அர்ப்பணிப்பு இவற்றில் பொருந்துவதைப் போடுங்கள்.

---

கூடல்நகர்:

அர்ப்பணிப்பு என்பதை மட்டும் எண்ணி எண்ணிப் பயன்படுத்துங்கள் என்பேன். டெடிகேஷனுக்கும் அதையே போடுகிறோம், கமிட்மென்ட்டுக்கும் அதையே. மூன்றும் ஒரே பத்தியில் வந்தால் வாசகர் திணறிப்போவார். டெடிகேட் என்பதில் உள்ள வேர் "அறிவித்தல்". இது இன்னாருக்கு என்று பலரறியச் சொல்லி ஒப்படைப்பது. நூலின் முதல் பக்கத்தில் வருவது அதனால்தான் டெடிகேஷன். அதற்குக் காணிக்கை, படையல் போதும்.

---

இளவேனில்:

அனைவருக்கும் நன்றி. "டிவோட்டட் சிட்டி" வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "நேர்ந்துவிட்ட அந்த நகரத்தின் மீது விடிவதற்குள் படை பாய்ந்தது." அதே நூலில் இன்னோர் இடத்தில் "டிவோட்டட் ஹெட்" என்றும் வருகிறது. ஓர் அமைச்சர் மீது அரசரின் கோபம் திரும்பும் இடம். அதற்கும் இதே சொல்லா?

---

ரோமச்சுவடி:

"நேர்ந்துவிட்ட நகரம்" என்றால் நகரம் எதையோ நேர்ந்தது போலவும் படிக்கலாம். "நேர்ந்துவிடப்பட்ட" என்று செயப்பாட்டில் போடுங்கள், முன்னால் "அழிவுக்கென" சேருங்கள்.

அதற்கு முன் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அத்தியாயத்தில் சபதமோ சடங்கோ, இந்த ஊரை விடமாட்டோம் என்ற அறிவிப்போ இருக்கிறதா? இருந்தால் நேர்தல் என்ற சொல் நிற்கட்டும். எதுவுமே இல்லாமல் ஆசிரியர் "முடிவு நெருங்கிவிட்ட ஊர்" என்ற அளவில்தான் சொல்கிறார் என்றால் "அழிவு குறித்துவிட்ட அந்த நகரம்" போதும். 18ஆம் நூற்றாண்டு நடையில் இரண்டு விதமாகவும் வரும். பழைய பொருளை அடையாளம் காண ஒரு வழி: டிவோட்டட் என்பதற்குப் பின்னால் "டு" இல்லாமலும், அடுத்து வரும் பெயர்ச்சொல் நகரம், தலை, பலி, இனம் போன்றதாகவும் இருந்து, அதற்குக் கேடு வரப்போகிறது என்றால் பெரும்பாலும் பழைய பொருள்தான்.

அமைச்சர் விஷயத்தில் சடங்கு ஏதும் இல்லை, ஆகவே நேர்தல் வேண்டாம். தலை என்பதையும் சொல்லுக்குச் சொல் போட வேண்டியதில்லை. "அரசரின் சினம் முழுவதும் அந்த அமைச்சரின் தலையில் வந்து விடிந்தது" என்றால் தமிழில் கெடுதியும் தலையும் இரண்டும் வந்துவிடும்.